மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டத்துப் பள்ளி: எந்தக் கணக்கை வைத்துப் பேசுவது?

எழுதியவர்: தென்னந்தோப்பு

அனைவருக்கும் வணக்கம்.

மலேசியாவின் கீழ்ப் பேராக்கில், ஊத்தான் மெலிந்தாங் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளராக இருக்கிறேன். முதலாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை எல்லா வகுப்புகளையும் கூட்டினாலும் எங்கள் மாணவர் எண்ணிக்கை நாற்பதைத் தொடவில்லை. வளாகத்தில் பாலர் பள்ளி கிடையாது. தோட்டத்து லைன் வீடுகளில் நம்மவர் குடும்பங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன; மற்றப் பிள்ளைகள் பட்டணத்துத் தாமான்கள் எனும் குடியிருப்புப் பகுதிகளிலிருந்தும் பக்கத்துக் கம்பங்கள் எனும் கிராமங்களிலிருந்தும் வேனில் வருகிறார்கள்.

பள்ளியின் எதிர்காலம் பற்றி ஓர் அறிக்கை தயாரிக்குமாறு பள்ளி மேலாளர் வாரியம் என்னிடம் கேட்டிருக்கிறது. இருக்கும் இடத்திலேயே தொடர்வதா, பட்டணத்துக்கு அருகில் இடம் மாறுவதா என்பதை அதை வைத்துப் பேசப் போகிறார்களாம். அண்மைய கூட்டத்தில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. நம் பெற்றோர் சீனப்பள்ளிக்கும் மலாய்மொழியில் நடக்கும் தேசியப் பள்ளிக்கும் பிள்ளைகளை அனுப்புவதால்தான் வகுப்புகள் காலியாகின்றன என்றனர் ஒரு சாரார். தோட்டத்தில் ஆளே இல்லாதபோது யாரைப் பள்ளியில் சேர்ப்பது என்று கேட்டனர் மறு சாரார். இரண்டு பக்கத்திலும் உணர்ச்சி நிறைய இருந்தது, கணக்கு எதுவும் இல்லை. என் கையிலும் ஒவ்வோர் ஆண்டின் மொத்த எண்ணிக்கை மட்டுமே இருக்கிறது.

அந்த மொத்த எண்ணிக்கையை எப்படிப் பிரித்துப் பார்ப்பது, வேறு எந்த விவரங்களைத் திரட்டுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். எங்கள் பிள்ளைகளில் தெலுங்கு வழிக் குடும்பத்தினரும் உள்ளனர். தாய் இந்தோனேசியராகவும் தந்தை உள்ளூர்த் தமிழராகவும் உள்ள பிள்ளைகளும் சிலர் உண்டு. இத்தகைய விவரங்களை அறிக்கையில் சேர்க்கலாமா? ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவர்களைப் பற்றியும் எழுத வேண்டுமா, அல்லது அது எங்கள் வேலைக்கு அப்பாற்பட்டதா?

---

மறுமொழி: பழைய தலைமையாசிரியர்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். தோட்டத்துப் பள்ளிகளிலேயே பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கூட்டத்தில் பேசப்பட்ட இரண்டு காரணங்களில் எது உங்கள் பள்ளிக்குப் பொருந்தும் என்பதை வாதிட்டு முடிவு செய்ய இயலாது. பிள்ளைகளின் வீட்டு முகவரிகளையும் அப்பகுதியில் பள்ளி வயதில் உள்ள நம் பிள்ளைகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானாகவே தெரிந்துவிடும்.

அதற்கு முன் ஒரு பின்னணி. தோட்டத்துப் பள்ளி சிறியதாக இருப்பது இன்று ஏற்பட்ட நிலை என்று பலர் எண்ணுகிறார்கள். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிருவாகம் அவர்களுக்குப் பள்ளி வசதி செய்து தர வேண்டும் என்றது. நம் பள்ளிகள் பிறந்ததே அந்த அளவில்தான். சுதந்திரம் அடைந்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகளும் அவற்றில் 50 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மாணவர்களும் இருந்தனர். வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்கு 60 பேர்கூட வரவில்லை. இன்று பள்ளிகள் 520க்குச் சற்று மேல், மாணவர்கள் ஏறத்தாழ 80 ஆயிரம். சராசரி 150ஐ ஒட்டி வருகிறது. அதாவது இன்றைய சராசரித் தமிழ்ப்பள்ளி சுதந்திர காலத்துப் பள்ளியைவிடப் பெரியது. ஆனால் இந்தச் சராசரிப் பள்ளியை நீங்கள் எங்கும் காண முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கிலும் மற்றப் பட்டணங்களிலும் ஆயிரம் பேரைத் தாண்டிய பள்ளிகள் சில உள்ளன. தோட்டங்களுக்குள் இருபது, முப்பது பேரோடு நடக்கும் பள்ளிகள் பல உள்ளன. 150 பேருக்குக் குறைந்த பள்ளிகளைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த வகையில் அடங்கும். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அவ்வகையில் எண்ணிக்கையால் மிகுந்திருப்பவை உட்புறத் தேசியப் பள்ளிகளே. ஆகவே அறிக்கையில் உங்கள் பள்ளியைத் தனிப்பட்டதொரு தோல்வியாக எழுத வேண்டியதில்லை.

இனி உங்கள் வட்டாரத்துக்கு வருவோம். ரப்பர் மரம் சீவுவதற்குத் தேவைப்பட்ட அளவுக்கு ஆள் செம்பனைத் தோட்டத்துக்குத் தேவைப்படவில்லை. பிறகு அந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களுடைய வேலை அனுமதி குடும்பத்தை உடன் அழைத்து வர இடம் தருவதில்லை. எனவே ஒரு தோட்டத்தில் லைன் வீடுகள் நிறைய ஆள் இருந்தும் பள்ளிக்கு ஒரு பிள்ளைகூட வராமல் போகலாம். தோட்டத்தில் ஆள் இல்லை என்று சொன்னவர்கள் இதைத்தான் கண்டிருக்கிறார்கள், சொன்ன விதம்தான் சற்றுப் பிசகு.

பிறப்பு விகிதத்தையும் மறக்கக் கூடாது. 1970இல் மலேசியாவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஐந்து பிள்ளைகள் என்ற நிலை இருந்தது. 2022இல் அது 1.6, இந்தியர்களிடையே 1.1 மட்டுமே. ஒரு குடும்பமும் இடம் பெயராமல், ஒரு பெற்றோரும் மனம் மாறாமல் இருந்திருந்தாலும் உங்கள் முதலாம் ஆண்டு வகுப்பு சுருங்கித்தான் இருக்கும். எங்கள் காலத்தில் ஒரே வீட்டிலிருந்து ஒன்றாம் ஆண்டில் ஒருவன், மூன்றாம் ஆண்டில் ஒருத்தி, ஆறாம் ஆண்டில் ஒருவன் என்று வருவார்கள். இப்போது ஒரு குடும்பத்தைச் சேர்த்தால் ஒரு பிள்ளை, மிஞ்சினால் இரண்டு. ஆள் சேர்க்கும் வேலை அதே அளவு, கிடைக்கும் பலன் குறைவு.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, மொத்த எண்ணிக்கையைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள் என்பதே. மொத்தம் என்பது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு நடந்த சேர்க்கையையும் சேர்த்துச் சுமந்து கொண்டிருக்கிறது. ஒரு பேச்சுக்கு, இவ்வாண்டு ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்பது பேர் வெளியேறி முதலாம் ஆண்டில் ஐவர் சேர்ந்தால் மொத்தம் நான்கு குறையும். அந்த ஐவர் சென்ற ஆண்டைவிட இருவர் அதிகம் என்ற நல்ல செய்தி அதற்குள் மறைந்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஆண்டுக்கும் முதலாம் ஆண்டில் சேர்ந்தவர், ஆறாம் ஆண்டை முடித்து வெளியேறியவர், நடுவில் மாற்றலாகி வந்தவர், மாற்றலாகிச் சென்றவர் என நான்கையும் தனித்தனியாக எழுதுங்கள். பள்ளி அலுவலகத்தில் உள்ள சேர்க்கைப் பதிவேட்டிலிருந்தும் அமைச்சின் மாணவர் தரவுத்தளத்திலிருந்தும் தலைமையாசிரியரால் இதை எடுத்துத் தர முடியும். பெயர்கள் வேண்டியதில்லை, எண்ணிக்கை போதும். நடுவில் மாற்றலாகிச் செல்பவர்கள் மிகுதி என்றால் சிக்கல் பெற்றோரின் வேலையிலோ வீட்டிலோ வேனிலோ இருக்கிறது. சேர்க்கையே குறைவு என்றால் காரணம் வேறு.

விழுக்காடு என்ற ஆயுதத்தைச் சிறு பள்ளியில் எடுக்கவே கூடாது. முப்பத்தைந்து பேர் உள்ள பள்ளியிலிருந்து மூன்று பிள்ளைகளோடு ஒரு குடும்பம் தெலுக் இந்தானுக்குக் குடிபெயர்ந்தால், மாணவர் எண்ணிக்கை எட்டு விழுக்காட்டுக்கு மேல் சரிந்தது என்று ஒருவர் எழுதிவிடலாம். கணக்கு சரிதான், படிப்பவருக்கோ பள்ளியே சரிந்துவிட்டதாகத் தோன்றும். தலைகளையும் குடும்பங்களையும் எண்ணி எழுதுங்கள். இத்தனை பிள்ளைகள், இத்தனை வீடுகள் என்ற இரண்டு எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

எதிர்காலத்தைக் கணிப்பது நீங்கள் நினைப்பதைவிட எளிது. 2027இல் ஏழு வயதில் முதலாம் ஆண்டுக்கு வர வேண்டியவர்கள் 2020இல் பிறந்துவிட்டார்கள். 2032இல் அதே வயதில் வர வேண்டியவர்கள் 2025இல் பிறந்துவிட்டார்கள். பள்ளியிலிருந்து வேன் போய்வரக்கூடிய தூரத்துக்குள் உள்ள தாமான், கம்பம், தோட்டம் ஒவ்வொன்றிலும் பிறந்த ஆண்டு வாரியாக நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கோயில் நிருவாகத்தினரும் உங்கள் சங்கத்தினரும் சேர்ந்து கேட்டறிந்து எழுதினால், அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அதிகபட்சமாக எத்தனை பேர் வரக்கூடும் என்ற எல்லை தெரிந்துவிடும். அந்தப் பட்டியலில் இருபது பேர் இருந்து உங்களிடம் ஐவர் சேர்ந்திருந்தால் முதல் சாரார் சொன்னது சரி. பட்டியலிலேயே ஏழு பேர்தான் என்றால் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை.

---

மறுமொழி: தாமான் அம்மா

வணக்கம் ஐயா, வணக்கம் செயலாளர் அவர்களே. பெற்றோர் சீனப்பள்ளிக்கு அனுப்புகிறார்கள் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அனுப்பும் பெற்றோரிடம் யாரும் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். என் மூத்த மகன் சீனப்பள்ளியில் படித்தான், இளையவள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். இடையில் என் மொழிப்பற்று ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மூத்தவனின் காலத்தில் நானும் என் கணவரும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலையில் இருந்தோம். பள்ளி முடிந்த பிறகு மாலை வரை பிள்ளையை வைத்துக்கொண்டு, சோறு போட்டு, வீட்டுப்பாடமும் செய்ய வைக்கும் பராமரிப்பு நிலையம் சீனப்பள்ளிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இளையவளின் காலத்தில் என் மாமியார் எங்களோடு வந்து தங்கினார். தமிழ்ப்பள்ளி வேனும் எங்கள் தாமானுக்குள் வரத் தொடங்கியது. முடிவு மாறியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

பாலர் பள்ளி உங்கள் வளாகத்தில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் கருத்தில் அந்த ஒரு வரிதான் உங்கள் அறிக்கையின் மையமாக இருக்க வேண்டும். ஐந்து வயதில் கெமாஸ் தபிகா என்ற அரசாங்கப் பாலர் பள்ளியில் மலாய்மொழியில் பாடியும் ஆடியும் பழகிய பிள்ளை அங்கே கிடைத்த நண்பர்களோடு தேசியப் பள்ளிக்குப் போவதே இயல்பு. தனியார் சீன பாலர் பள்ளிக்குப் போன பிள்ளை சீனப்பள்ளிக்குப் போகும். தமிழ்ப்பள்ளிக்குள்ளேயே அமைச்சின் பாலர் வகுப்பு இருந்தால், நான்கு அல்லது ஐந்து வயதில் அந்த வாசலுக்குள் நுழையும் பிள்ளையை ஏழு வயதில் வேறு இடத்துக்கு மாற்றுவதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். அமைச்சின் பாலர் வகுப்பு ஒன்றில் 25 பிள்ளைகள் வரை சேர்க்கலாம். ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருப்பார்கள். உங்கள் பள்ளியின் இன்றைய அளவுக்கு அதில் பாதி நிறைந்தாலே பெரிய மாற்றம்.

முதலாம் ஆண்டுக்கான பதிவு, பிள்ளை பள்ளிக்குப் போவதற்கு ஓராண்டுக்கும் முன்பே அமைச்சின் இணையத்தளத்தில் நடந்து முடிந்துவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். பள்ளி திறப்பதற்கு முந்திய மாதம் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டு வீடு வீடாக வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதற்குள் நாங்கள் முடிவு செய்து பதிந்தும் முடித்திருப்போம். ஐயா சொன்ன பட்டியலை எடுக்கும்போது நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளை முதலில் பாருங்கள். அங்கே போகும்போது தமிழின் பெருமையைப் பேசுவதைவிட, வேன் எத்தனை மணிக்கு வரும், பள்ளி முடிந்ததும் பிள்ளை எங்கே இருக்கும், மலாயும் ஆங்கிலமும் எப்படிக் கற்றுத் தருகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதிலோடு போனால் கதவு திறக்கும்.

---

மறுமொழி: படிவம் ஒன்று

பேராக்கில் ஓர் இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி கற்பிக்கும் ஆசிரியை நான். ஆறாம் ஆண்டுக்குப் பிறகு நடப்பது தங்கள் வேலைக்கு அப்பாற்பட்டதா என்று செயலாளர் கேட்டிருந்தார். என்னைக் கேட்டால் அது கட்டாயம் அறிக்கையில் இருக்க வேண்டும். ஏனெனில் தாமானில் உள்ள இளம் பெற்றோர் உங்கள் பள்ளியை எடைபோடுவது உங்கள் ஆறாம் ஆண்டு மாணவரைப் பார்த்து அல்ல, இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் ஒன்றில் அந்த மாணவர் எப்படி நிற்கிறார் என்பதைப் பார்த்துத்தான். ஆறாம் ஆண்டில் எழுதப்பட்ட யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும் படிவம் மூன்றில் எழுதப்பட்ட பிடி3 தேர்வு 2022இலும் நிறுத்தப்பட்ட பிறகு, இந்தப் பள்ளியில் இத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ பெற்றனர் என்று பதாகை கட்ட வழியில்லை. பேச்சுவழியாகப் பரவும் செய்திதான் இப்போது பள்ளியின் பெயரைத் தீர்மானிக்கிறது.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ஆறாம் ஆண்டின் முடிவில் பயிற்று மொழியே மாறிவிடுகிறது. தமிழை முதன்மை மொழியாகக் கொண்ட இடைநிலைப்பள்ளி இந்நாட்டில் இல்லை. ஒன்றாம் ஆண்டிலிருந்து படிவம் மூன்று வரை ஒரே வளாகத்தில் நடத்தும் கே9 வகைப் பள்ளிகள் உட்புறப் பகுதிகளுக்காகவும் பூர்வகுடிப் பிள்ளைகளுக்காகவும் அமைக்கப்பட்டன. உங்கள் பள்ளிக்கு அது பொருந்தாது என்றாலும், பன்னிரண்டு வயதில் சிறு பள்ளியை விட்டுப் பெரிய பள்ளிக்குள் தள்ளப்படும் பிள்ளை தடுமாறும் என்பதை அரசாங்கமே உணர்ந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. மலாய்மொழியில் போதிய அடைவுநிலையை எட்டாத பிள்ளைகள் படிவம் ஒன்றுக்குப் போகுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருக்கிறார்கள். உங்கள் பள்ளியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் நேரடியாகப் படிவம் ஒன்றுக்குச் சென்றனர், எத்தனை பேர் புகுமுக வகுப்பில் இருந்தனர், படிவம் ஐந்து வரை நின்று அதன் இறுதித் தேர்வான எஸ்பிஎம் எழுதியவர் யார் என்பதை விசாரித்து எழுதுங்கள். ஆண்டுக்கு ஆறேழு பேர்தான் என்பதால் இது முடியக்கூடிய வேலை. ஆயிரம் பேர் படிக்கும் பள்ளியால் இதைச் செய்ய முடியாது.

இன்னொரு செய்தி தோட்டத்துப் பள்ளிகளுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ்மொழி வகுப்புக்கு வசதி செய்து தர வேண்டும். உங்கள் பள்ளியிலிருந்து ஏழு பேர், பக்கத்துத் தோட்டத்துப் பள்ளியிலிருந்து ஐவர், இன்னொன்றிலிருந்து நால்வர் என்று வைத்துக்கொள்வோம். பதினாறு பேரும் ஒரே இடைநிலைப்பள்ளிக்கு வந்தால் வகுப்பு உறுதி. மூன்று பள்ளிகளுக்குச் சிதறினால் எங்கும் 15 சேராது. பிறகு எஸ்பிஎம் தேர்வில் தமிழை எடுக்க விரும்பும் பிள்ளை டியூசனை நம்ப வேண்டியதாகிறது. உங்கள் வட்டாரத்துச் சிறு பள்ளிகளின் பெற்றோர் சங்கங்கள் ஒன்றுகூடி, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எந்த இடைநிலைப்பள்ளிக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. நான் பணியாற்றும் பகுதியில் இதைச் செய்கிறார்கள். தமிழ் வகுப்புக்கு நாங்கள் ஆள் தேட வேண்டிய நிலை வருவதில்லை.

---

மறுமொழி: கங்காணி பேரன்

இடமாற்றத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் நான் எழுதுகிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டத்துப் பள்ளியின் இடமாற்றக் குழுவில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் சற்று அவநம்பிக்கை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இடம் மாறினால் பள்ளி தழைக்கும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சிலாங்கூரைக் காட்டுவார்கள். பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம், சுபாங் ஜெயாவில் சீஃபீல்டு, கெலானா ஜெயாவில் சீபோர்ட் என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் பட்டணத்தின் நடுவில் நிறைந்து நடக்கின்றன. உண்மைதான். ஆனால் அங்கே தோட்டம் இருந்த நிலத்தின் மீதே பட்டணம் எழுந்தது, பல ஊர்களிலிருந்து நம் குடும்பங்கள் வேலை தேடி அங்கே வந்து குடியேறின. ஊத்தான் மெலிந்தாங்குக்கு அப்படி யாரும் வந்துகொண்டிருக்கவில்லை. இளைஞர்கள் அங்கிருந்து புறப்பட்டுத்தான் ஷா ஆலாமுக்கும் கிள்ளானுக்கும் ஜோகூருக்கும் போகிறார்கள். சிறு பட்டணத்தில் ஏற்கெனவே ஒரு தமிழ்ப்பள்ளி இருந்து, அதன் பக்கத்தில் உங்கள் பள்ளியும் போய் நின்றால், இருக்கும் அதே பிள்ளைகளை இரண்டு பள்ளிகள் பங்கு போட்டுக்கொள்ளும். நீங்கள் மாற எண்ணும் இடத்திலிருந்து மற்றத் தமிழ்ப்பள்ளிகளுக்கு உள்ள தூரத்தையும் அவற்றில் காலியாக உள்ள இடங்களையும் அறிக்கையில் எழுதாமல் இடமாற்றத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

நிலம் யாருடையது என்பதையும் முதலிலேயே உறுதிப்படுத்துங்கள். தோட்டத்துப் பள்ளிகளில் பெரும்பாலானவை தனியார் நிலத்தில் நிற்பதால் அரசாங்கத்தின் முழு உதவியைப் பெறுவதில்லை, பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே உள்ளன. ஆசிரியர் சம்பளமும் பாடநூலும் அரசாங்கத்திலிருந்து வரும். கட்டடம் என்று வரும்போது ஒவ்வொரு முறையும் தனியாகக் கேட்டு நிற்க வேண்டும். இடம் மாறுவதாக இருந்தால் நிலம் வாங்க, பெயர் மாற்ற, கட்டட ஒதுக்கீடு பெற என்று பல ஆண்டுகள் ஓடும். அத்தனை ஆண்டுகளும், எப்படியும் மாறப் போகிற பள்ளிதானே என்று பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்குவார்கள். நாங்கள் மாணவர்களை அதிகம் இழந்தது அந்தக் காத்திருப்புக் காலத்தில்தான்.

தாமான் அம்மா அவர்கள் சொன்ன பாலர் வகுப்பை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். இடமாற்றத்துக்குச் செலவிடும் சக்தியில் கால்வாசியை ஒரு பாலர் வகுப்புக்கும் இரண்டாவது வேனுக்கும் செலவிட்டுப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம். பழைய தலைமையாசிரியர் ஐயா சொன்ன பட்டியலில் பிள்ளைகளே இல்லை என்று தெரிந்தால் மட்டும் என் பேச்சை ஒதுக்கிவிடுங்கள். அந்த நிலையில் பாலர் வகுப்பும் உதவாது.

---

எழுதியவர்: தென்னந்தோப்பு

எல்லாருக்கும் மிக்க நன்றி. பட்டியல் எடுக்கும் வேலையைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் நிருவாகத்தினரோடு பேசித் தொடங்கியிருக்கிறோம். அவர்களிடம் திருவிழா வரி வாங்கும் வீடுகளின் பட்டியல் இருப்பதால், தோட்டத்தை விட்டுத் தாமானுக்குப் போன குடும்பங்களையும் கண்டுபிடிக்க முடிகிறது. பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் காலியிடம் எவ்வளவு என்ற விவரத்தையும் கேட்கிறோம்.

ஒரு கேள்வி மட்டும் மீதமிருக்கிறது. வீடு வீடாகக் கேட்டபோது, பள்ளி வயதை எட்டியும் எந்தப் பள்ளியிலும் பதியப்படாத பிள்ளைகள் இருப்பது தெரிய வந்தது. ஒரு குடும்பத்தில் தந்தை உள்ளூர்காரர், தாய் வெளிநாட்டவர். திருமணம் கோயிலில் நடந்தது, பதிவு செய்யப்படவில்லை. இவர்களை எங்கள் கணக்கில் எங்கே வைப்பது? தெலுங்குக் குடும்பங்களைப் பற்றி நான் கேட்டதற்கும் பதில் வரவில்லை.

---

மறுமொழி: பழைய தலைமையாசிரியர்

தெலுங்குக் குடும்பங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கீழ்ப் பேராக்கில், குறிப்பாக பாகான் டத்தோ பக்கத்துத் தென்னந்தோட்டங்களில், ஒரு காலத்தில் தெலுங்குப் பள்ளிகளே இருந்தன. அவை மூடப்பட்ட பிறகு அந்தப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிகளுக்கு வந்தார்கள். இன்று அவர்களை வேறாகப் பிரித்து எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. வீட்டில் எந்த மொழி பேசப்படுகிறது என்ற விவரம் வகுப்பாசிரியருக்கு வேண்டும். வாரியத்தின் அறிக்கைக்கு வேண்டாம். முப்பத்தைந்து பேர் உள்ள பள்ளியில் ‘இரண்டு பிள்ளைகளின் தாய் இந்தோனேசியர்’ என்று எழுதினாலே அது எந்த வீடு என்று ஊருக்கே தெரிந்துவிடும். மூன்றுக்கும் குறைவான எண்ணிக்கை வரும் எந்தப் பிரிவையும் அறிக்கையில் தனியாகக் காட்டாதீர்கள்.

பதியப்படாத பிள்ளைகளைத் தனி வரிசையில் வையுங்கள். ‘வரக்கூடியவர்’ என்ற கணக்கில் சேர்க்க வேண்டாம். அவர்களைப் பள்ளியில் சேர்ப்பது மாணவர் எண்ணிக்கைக்காகச் செய்யும் வேலை ஆகிவிடக் கூடாது என்பதே காரணம். 1982 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள திருமண, மணவிலக்குச் சட்டத்தின்படி கோயிலில் நடந்த திருமணத்தையும் பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் சட்டத்தின் பார்வையில் பிள்ளை திருமணத்துக்கு வெளியே பிறந்ததாகக் கொள்ளப்பட்டு, குடியுரிமை தாயைப் பின்பற்றிப் போகிறது. தந்தை மலேசியராக இருந்தும் பிள்ளை குடியுரிமை இல்லாமல் நிற்பது இதனால்தான். ஆனால் பெற்றோரில் ஒருவர் மலேசியராக இருந்தால், ஆவணம் முழுமையாக இல்லாத பிள்ளையையும் அரசாங்கப் பள்ளியில் சேர்க்க மாவட்டக் கல்வி அலுவலகத்தின் வழியாக விண்ணப்பிக்கலாம். தலைமையாசிரியர் ‘ஆவணம் இல்லை, முடியாது’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பத் தேவையில்லை. பிறப்புப் பத்திரம், தந்தையின் அடையாள அட்டை, தாயின் கடப்பிதழ் என்று வீட்டில் எது இருக்கிறதோ அதையெல்லாம் பிரதி எடுத்து வையுங்கள். பள்ளிச் சேர்க்கையும் தேசியப் பதிவு இலாகாவில் செய்யும் குடியுரிமை விண்ணப்பமும் வேறு வேறு வேலைகள். ஒன்று முடியட்டும் என்று மற்றொன்றைத் தள்ளிப்போட்டால் பிள்ளை பத்து வயதில் எழுத்தறியாமல் நிற்கும்.

பட்டணத்துப் பள்ளியின் காலியிடத்தை அறிய அங்குள்ள தலைமையாசிரியரிடம் நேரில் கேட்பதோடு நிற்காமல், வாரியத்தின் கடிதத்தோடு மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் எழுத்துவழி கேளுங்கள். பாலர் வகுப்புக்கான விண்ணப்பமும் அதே அலுவலகத்தின் வழியாகவே போக வேண்டியிருப்பதால், கோயில் பட்டியலில் நான்கு, ஐந்து வயதில் எத்தனை பேர் என்பது தெரிந்தவுடன் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகக் கொடுத்துவிடலாம்.